பழைய கணினியில் உலாவி அடிக்கடி மூடிக்கொள்வது ஏன்?

பழைய கணினியில் உலாவி தானாக மூடிக்கொள்கிறது என்று யாரிடம் சொன்னாலும் கிடைக்கும் ஆலோசனைகள் ஏறத்தாழ ஒன்றுதான். "வைரஸ் புகுந்திருக்கும்", "கேஷை அழித்துப் பாருங்கள்", "ஃபார்மட் அடித்தால் சரியாகிவிடும்", கடைசியாக "வயதான கணினி, மாற்றிவிடுங்கள்". இவற்றில் எதையும் முழுப் பொய் என்று தள்ள முடியாது. ஆனால் நடந்தது என்ன என்று விசாரித்த பிறகு சொல்லப்படும் ஆலோசனை இவற்றில் ஒன்றுகூட இல்லை.

பழைய கணினிகளில் மிகுதியாகக் காணப்படும் செயலிழப்பு, உலாவி தானே எடுக்கும் ஒரு முடிவு. வேலைக்குத் தேவையான இடத்தை அது விண்டோஸிடம் கேட்கிறது. விண்டோஸ் இல்லை என்கிறது. அதற்குமேல் தொடர்வது ஆபத்து என்பதால் உலாவி தன்னை நிறுத்திக்கொள்கிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால், எந்த வைத்தியம் பயன்படும், எது வெறும் சடங்கு என்பதை நாமே பிரித்தறியலாம். 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்ககாலக் கணினிகளும், அதே காலத்தில் கோர் 2 டுவோ, ஐ3 சில்லுகளோடு வாங்கப்பட்ட மேசைக்கணினிகளும் இன்னும் பல வீடுகளிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2 அல்லது 4 ஜி.பி. ரேம், சுழலும் ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7 அல்லது 10 கொண்ட அத்தகைய கணினியை மனத்தில் வைத்தே இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது.

முதலில், விழுந்தது எது?

"கிராஷ் ஆகிவிட்டது" என்ற ஒரே சொல்லால் நான்கு வெவ்வேறு நிகழ்வுகளைக் குறிப்பிடுகிறோம். குழப்பம் தொடங்குவது இங்கேதான்.

உலாவியின் சாளரம் வெளுத்து, மேலே "நாட் ரெஸ்பான்டிங்" என்று காட்டி, சுட்டி வட்டமிட்டுக்கொண்டிருந்தால் அது உறைதல். அந்த நேரத்தில் கணினியின் முன்புறமுள்ள ஹார்ட் டிஸ்க் விளக்கு விடாமல் எரிந்துகொண்டிருந்தால், உலாவி இன்னும் வேலை செய்கிறது, மிக மெதுவாகச் செய்கிறது என்று பொருள். பொறுமையிழந்து நாமே மூடிவிட்டு, உலாவி விழுந்துவிட்டது என்று சொல்வது இந்த வகையில் வழக்கம்.

ஒரு டேப் மட்டும் சாம்பல் நிறப் பக்கமாக மாறி, குரோமில் "ஆவ், ஸ்னாப்!" என்றோ, பயர்பாக்ஸில் டேப் செயலிழந்துவிட்டது என்றோ செய்தி வந்து, மற்ற டேப்கள் நலமாக இருந்தால் அது டேப் செயலிழப்பு. எந்த முன்னறிவிப்பும் இன்றி உலாவியின் எல்லாச் சாளரங்களும் மறைந்து, மீண்டும் திறக்கும்போது "பழைய பக்கங்களை மீட்கவா" என்று கேட்டால் அது உலாவியின் முழுச் செயலிழப்பு. கணினியே அணைந்துபோவது, நீலத்திரை வருவது, தானாக மறுதொடக்கம் ஆவது நான்காவது வகை. உலாவி போன்ற ஒரு சாதாரண நிரலால் தன்னளவில் விண்டோஸ் முழுவதையும் வீழ்த்த இயலாது. ஆகவே இந்த நான்காவது வகையில் சந்தேகம் உலாவிக்குக் கீழே உள்ள அடுக்குகளின் மீது விழ வேண்டும்: வெப்பம், மின்வழங்கி, ரேம், வன்பொருளை இயக்கும் டிரைவர் மென்பொருள். உலாவியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவதால் இதில் எந்தப் பயனும் இல்லை.

சுருங்கச் சொன்னால், உறைந்ததா, டேப் விழுந்ததா, உலாவி விழுந்ததா, கணினி விழுந்ததா என்பதைக் குறித்துக்கொண்ட பிறகே மேலே செல்ல வேண்டும். தவறான வைத்தியங்களில் பாதி இந்த ஒரு கேள்வியிலேயே விலகிவிடும்.

கடையும் கிடங்கும்

ஒரு சிறிய மளிகைக் கடையை எண்ணிக்கொள்ளுங்கள். கடைக்காரர் நின்று பொட்டலம் கட்டும் மேடை ஒன்று இருக்கிறது. தெருவின் மறுகோடியில் அவருடைய கிடங்கு இருக்கிறது. மேடையில் உள்ள பொருளைக் கையை நீட்டி எடுத்துவிடலாம், ஆனால் மேடை சிறியது. கிடங்கு பெரியது, ஆனால் ஒவ்வொரு முறையும் நடந்து சென்று எடுத்து வர வேண்டும். கணினியில் அந்த மேடைதான் ரேம், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் தங்கள் வேலையைப் பரப்பி வைத்துக்கொள்ளும் தற்காலிக நினைவகம். கிடங்கு என்பது ஹார்ட் டிஸ்க். கடைக்காரரின் கை, பிராசசர்.

மேடை நிரம்பிவிட்டால் கடைக்காரர் வியாபாரத்தை நிறுத்துவதில்லை. இப்போது யாரும் கேட்காத மூட்டையைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் புதிய சரக்கை இறக்குகிறார். விண்டோஸும் இதையே செய்கிறது. ரேமில் இடம் போதாதபோது, சிறிது நேரமாகத் தொடப்படாத பகுதிகளை ஹார்ட் டிஸ்கில் இதற்கென ஒதுக்கிய ஒரு கோப்பில் எழுதி வைக்கிறது. அந்தக் கோப்பின் பெயர் பேஜ் ஃபைல்.

இடைவெளி எவ்வளவு என்பதுதான் சிக்கல். ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறத்தாழ 100 நானோ விநாடி ஆகும். சுழலும் ஹார்ட் டிஸ்கில் அதன் இடத்தைத் தேடி எடுக்க ஏறத்தாழ 10 மில்லி விநாடி ஆகும். இது ஒரு லட்சம் மடங்கு வேறுபாடு. முன்பு சொன்ன உறைதல் இங்கிருந்துதான் வருகிறது: பத்து டேப்களுக்கு இடையே மாறி மாறிச் செல்லும்போது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் கடைக்காரர் தெருக்கோடிக்கு நடக்கிறார்.

ஆனால் இது தாமதம் மட்டுமே, செயலிழப்பு அல்ல. மேடை நிரம்பியதால் கடை மூடப்படுவதில்லை. மேடையும் கிடங்கில் அதற்கென ஒதுக்கிய இடமும் சேர்ந்து நிரம்பும்போதுதான் வேறு கதை தொடங்குகிறது.

ஒரு டேப் ஏன் இவ்வளவு கேட்கிறது?

கணினி பத்தாண்டுக்கு முன் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. மாறியவை இணையப் பக்கங்கள். எழுத்தும் படமும் கொண்ட ஆவணமாக இருந்த பக்கம், இன்று ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதப்பட்ட முழு நிரலாகவே வந்து இறங்குகிறது. மின்னஞ்சல், வங்கி, வாட்ஸ்அப் வெப், வரைபடம் ஆகிய ஒவ்வொன்றும் டேப்பில் ஓடும் ஒரு மென்பொருள். அவற்றோடு விளம்பரங்களும், பார்வையாளரைக் கண்காணிக்கும் துணுக்குகளும் தத்தம் நிரல்களைக் கொண்டுவருகின்றன.

உலாவியின் உள்ளமைப்பும் மாறிவிட்டது. 2008 செப்டம்பரில் குரோம் வெளியானபோது, அதன் முக்கியமான புதுமை டேப்களைத் தனித்தனிச் செயல்முறைகளாகப் பிரித்ததாகும். செயல்முறை என்பது, தனக்கென நினைவக எல்லை வகுக்கப்பட்டு ஓடும் நிரலின் ஒரு நகல். ஒன்று விழுந்தால் அடுத்ததைத் தொடாது. ஒரு டேப் மட்டும் விழுந்து மற்றவை பிழைத்திருக்கும் வசதி இதனால்தான் கிடைத்தது. பயர்பாக்ஸ் 2016-இல் இந்த வழிக்கு வந்தது. 2018 தொடக்கத்தில் பிராசசர்களில் ஸ்பெக்டர் எனும் பாதுகாப்புக் குறை வெளிப்பட்டபோது, ஒரு தளத்தின் நிரல் இன்னொரு தளத்தின் நினைவகத்தை எட்டிப்பார்க்கக்கூடும் என்ற அச்சம் எழுந்தது. அதே ஆண்டில் குரோம், வெவ்வேறு தளங்களை வெவ்வேறு செயல்முறைகளில் வைப்பதை மேசைக்கணினிகளில் இயல்பாக்கியது. ஒரு செய்திப் பக்கத்துக்குள் சட்டமிட்டு வரும் வேற்றுத்தள விளம்பரமும் அதனால் தனிச் செயல்முறை ஆகிவிடுகிறது.

இந்தப் பாதுகாப்புக்கு விலை உண்டு. ஒவ்வொரு செயல்முறையும் தன் பங்குக்குக் கூடுதல் நினைவகம் எடுக்கிறது. 16 ஜி.பி. ரேம் உள்ளவருக்கு அது தெரியாது. 2 ஜி.பி. வைத்திருப்பவருக்கு அதுதான் எல்லாம். "குரோம் ரேமைத் தின்கிறது" என்ற புகாரில் உண்மை உண்டு, ஆனால் அது கவனக்குறைவால் நேர்ந்ததன்று. தெரிந்தே செய்யப்பட்ட தேர்வு. அந்தத் தேர்வில் பழைய கணினி வைத்திருப்பவர்களின் தரப்பை யாரும் பெரிதாகக் கணக்கில் எடுக்கவில்லை என்பதும் உண்மைதான்.

விண்டோஸ் கொடுக்கும் வாக்கு

இக்கட்டுரையின் மையப் பகுதி இதுதான். சற்று நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன்.

ஒரு நிரல் நினைவகம் கேட்கும்போது, விண்டோஸ் உடனே ரேமில் இடத்தைக் காலி செய்து கொடுத்துவிடுவதில்லை. "உனக்கு இவ்வளவு இடம் உண்டு" என்று வாக்குத் தருகிறது. நிரல் உண்மையில் எழுதத் தொடங்கும்போதுதான் ரேமில் இடம் ஒதுக்கப்படுகிறது. இப்படி வாக்களிக்கப்பட்ட மொத்த இடத்துக்கு கமிட் என்று பெயர். விண்டோஸ் இதில் மிகக் கறாரானது: மேடையும், கிடங்கில் ஒதுக்கிய பகுதியும் சேர்ந்து எவ்வளவோ, அதாவது ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்து எவ்வளவோ, அதற்குமேல் ஒரு மூட்டைக்குக்கூட வாக்குத் தராது. இந்த உச்சவரம்பைத் தொட்டுவிட்டால், ரேமில் காலியிடம் கண்ணுக்குத் தெரிந்தாலும் அடுத்த கோரிக்கை மறுக்கப்படும். அந்த இடம் ஏற்கெனவே வேறு யாருக்கோ வாக்களிக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

மறுக்கப்பட்டவுடன் உலாவி என்ன செய்யும்? சமாளித்துக்கொண்டு தொடரலாமே என்று நமக்குத் தோன்றும். ஆனால் இடம் கிடைக்காத நிலையில் தொடரும் நிரல், தனக்குச் சொந்தமில்லாத இடத்தில் எழுதிவிடக்கூடும். தரவு கெடலாம், பாதுகாப்பு ஓட்டையும் திறக்கலாம். ஆகவே உலாவியை எழுதியவர்கள் அதன் பெரும்பகுதியை, சிறு கோரிக்கை மறுக்கப்பட்டாலும் அந்தக் கணமே நின்றுவிடும்படி அமைத்திருக்கிறார்கள். டேப்பின் செயல்முறையில் மறுப்பு நேர்ந்தால் டேப் விழும். எல்லாவற்றையும் நிர்வகிக்கும் முதன்மைச் செயல்முறையில் நேர்ந்தால் உலாவி முழுவதும் மறையும். நமக்குத் தற்செயலாகத் தோன்றும் இந்த வேறுபாடு, மறுப்பு யாருடைய முறையில் வந்தது என்பதைப் பொறுத்தது.

பேஜ் ஃபைலை விண்டோஸ் தேவைக்கேற்பப் பெரிதாக்கிக்கொள்ளும். அதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். இந்த இடைவெளியைப் பயர்பாக்ஸ் பொறியாளர்கள் 2022-இல் பயன்படுத்திக்கொண்டார்கள். மறுப்பு வந்தவுடன் விழுந்துவிடாமல், கணநேரம் காத்திருந்து மீண்டும் ஒருமுறை கேட்கும்படி உலாவியை மாற்றினார்கள். நினைவகப் போதாமையால் நேரும் செயலிழப்புகள் பெருமளவு குறைந்தன. புதிய ரேம் இல்லை, பெரிய மறுசீரமைப்பு இல்லை; சற்றே காத்திருந்தது மட்டும்தான். பேஜ் ஃபைல் வளர்வதற்கு எவ்வளவு முக்கியத்துவம் உண்டு என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது.

அது வளர்வதற்கு சி டிரைவில் இடம் இருக்க வேண்டும். நம் ஊர்ப் பழைய கணினிகள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். கணினியை அமைத்துத் தந்தவர் சி டிரைவுக்கு 50 அல்லது 60 ஜி.பி. மட்டும் ஒதுக்கி, மீதியை டி, ஈ என்று பிரித்திருப்பார். பத்தாண்டுகளில் சி டிரைவின் பட்டை சிவப்பாகிவிடும், டி டிரைவோ பாதிக்குமேல் காலியாகக் கிடக்கும். "டிஸ்கில் எவ்வளவோ இடம் இருக்கிறதே" என்று உரிமையாளர் நினைத்துக்கொண்டிருக்க, பேஜ் ஃபைல் வளர இடமின்றி உலாவி விழுந்துகொண்டிருக்கும்.

இதுவரை சொன்னதன் சாரம்: ரேம் நிறைந்தால் கணினி மெதுவாகும், கமிட் நிறைந்தால் உலாவி விழும். இரண்டும் வெவ்வேறு.

எண்ணைக் கண்ணால் பார்த்தல்

இதை ஊகிக்கத் தேவையில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில், விண்டோஸ் 10 என்றால் மெமரி என்பதன் கீழ் "கமிட்டட்" என்றும், விண்டோஸ் 7 என்றால் சிஸ்டம் என்ற கட்டத்துக்குள் "கமிட்" என்றும் ஒரு வரி இருக்கும். அதில் இரண்டு எண்கள் சாய்கோட்டால் பிரிக்கப்பட்டிருக்கும். முதல் எண் கொடுத்த வாக்கு, இரண்டாவது எண் உச்சவரம்பு. நீங்கள் வழக்கமாகத் திறக்கும் பக்கங்களை எல்லாம் திறந்துவைத்து இந்த வரியைக் கவனியுங்கள். 3.1/6.0 என்று இருந்தால் பிரச்சினை வேறெங்கோ இருக்கிறது. 5.8/6.0 என்று நெருங்கி நின்றால், அடுத்து நீங்கள் திறக்கப்போகும் டேப்தான் செயலிழப்பு.

அப்படி நெருங்கினால் செய்ய வேண்டியவை இரண்டு. சி டிரைவில் தேவையற்றதை நீக்கி, சில ஜி.பி. இடமாவது காலியாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது ஒன்று. டவுன்லோட்ஸ் கோப்புறையில் குவிந்துள்ள வீடியோக்களை டி டிரைவுக்கு மாற்றினாலே பல வீடுகளில் இது முடிந்துவிடும். மற்றொன்று, பேஜ் ஃபைலின் அளவை விண்டோஸே நிர்வகிக்கும்படி விடுவது. சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பகுதியில், பெர்ஃபார்மன்ஸ் அமைப்புகளுக்குள், வெர்ச்சுவல் மெமரி என்ற இடத்தில் இதற்கான தேர்வு உள்ளது. கணினியை வேகமாக்கும் குறிப்பு என்று எங்கோ படித்துவிட்டு, பேஜ் ஃபைலை அணைத்துவைத்தவர்களும், 1 ஜி.பி. என்று கட்டிப்போட்டவர்களும் கணிசமாக இருக்கிறார்கள். 2 ஜி.பி. ரேம் உள்ள கணினியில் இதைவிடப் பொருத்தமற்ற குறிப்பு கிடையாது.

உலாவிக்குள் எந்த டேப் எவ்வளவு எடுக்கிறது என்பதையும் பார்க்கலாம். குரோமில் ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டையும் அழுத்தினால் அதற்கே உரிய டாஸ்க் மேனேஜர் வரும். பயர்பாக்ஸில், முகவரிப் பட்டையில் அபவுட், முக்காற்புள்ளி, பிராசஸஸ் என்று ஆங்கில எழுத்துகளில் இட்டால் பட்டியல் கிடைக்கும். அதே முறையில் பிராசஸஸ் என்பதற்குப் பதிலாகக் கிராஷஸ் என்று இட்டால் முந்தைய செயலிழப்புகளின் அறிக்கைகள் வரும். அவற்றில் ஒன்றைத் திறந்து, அடையாளக் குறிப்பில் "ஓ.ஓ.எம்." என்ற எழுத்துகள் தென்பட்டால் நினைவகப் போதாமை உறுதியாயிற்று. அதோடு "ஸ்மால்" என்ற சொல்லும் இருந்தால், மிகச் சிறிய கோரிக்கையைக்கூட நிறைவேற்ற முடியாத அளவுக்குக் கணினி வறண்டிருந்தது என்று பொருள்.

இந்த இடத்தில் இரண்டு புகழ்பெற்ற வைத்தியங்களைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கேஷ் என்பது, பார்த்த பக்கங்களின் படங்களையும் கோப்புகளையும் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்கில் சேமித்துவைக்கும் இடம். அதை அழித்தால் சி டிரைவில் சிறிது இடம் கிடைக்கும், சிதைந்த கோப்பு ஏதேனும் இருந்தால் அதுவும் போகும். ரேமோ கமிட்டோ குறையாது. ரேம் பூஸ்டர், ரேம் கிளீனர் என்ற பெயர்களில் வரும் மென்பொருள்களோ தீங்கே செய்கின்றன. அவை மேடையில் இருக்கும் சரக்கை வலுக்கட்டாயமாகக் கிடங்குக்குத் துரத்திவிட்டு, "பாருங்கள், மேடை காலி" என்று காட்டுகின்றன. அடுத்த நிமிடமே அவ்வளவும் திரும்பி வரவேண்டியிருக்கும். கொடுத்த வாக்கில் ஒரு மெகாபைட்கூட இதனால் குறைவதில்லை.

உலாவிகளிலேயே உள்ள வசதி இதைவிட நேர்மையானது. குரோமில் மெமரி சேவர் என்றும், எட்ஜில் ஸ்லீப்பிங் டேப்ஸ் என்றும் ஓர் அமைப்பு உண்டு; நெடுநேரம் பார்க்கப்படாத டேப்களை ஓய்வில் வைத்து அவற்றின் தேவையைக் குறைக்கிறது. பயர்பாக்ஸும் நினைவகம் குறையும்போது தானே டேப்களை இறக்கிவைக்கிறது. விளம்பரங்களைத் தடுக்கும் நீட்சி (உலாவியோடு சேர்க்கும் சிறு நிரல்) ஒன்றை நிறுவுவதும், கனமான செய்தித் தளங்களைப் படிப்பவருக்கு நல்ல பலன் தரும்.

32 பிட் என்ற சுவர்

4 ஜி.பி. ரேம் இருந்தும், கமிட்டில் இடம் இருந்தும் உலாவி நினைவகம் போதவில்லை என்று விழுந்தால், அது 32 பிட் உலாவியா என்று பார்க்க வேண்டும். 32 பிட் நிரலால் எண்ணிட்டுக் குறிக்க முடிந்த நினைவக முகவரிகள் மொத்தம் 4 ஜி.பி. அளவே. 32 பிட் விண்டோஸில் வழக்கமாக அதில் பாதி, அதாவது 2 ஜி.பி. மட்டுமே ஒரு செயல்முறைக்குக் கிடைக்கும். அந்த முகவரிகளும் துண்டுதுண்டாகிப் போனால், பெரிய படம் ஒன்றுக்குத் தேவையான தொடர்ச்சியான இடம் கிடைக்காமல் டேப் விழும். கணினி 64 பிட் விண்டோஸில் ஓடுகிறது என்றால், உலாவியையும் 64 பிட் பதிப்பாக மாற்றுவது செலவில்லாத தீர்வு. உலாவியின் "அபவுட்" பக்கத்தில் பதிப்பு எண்ணுக்குப் பக்கத்திலேயே இது குறிப்பிடப்பட்டிருக்கும்.

நினைவகம் காரணமல்ல என்றால்

கமிட் எண் நிதானமாக இருக்கிறது, இருந்தும் உலாவி விழுகிறது என்றால், அடுத்த சந்தேகம் உலாவிக்குள்ளோ அதன் மீதோ அமர்ந்திருக்கும் வேற்று நிரல்கள் மீது விழ வேண்டும்.

நீட்சி என்பது உலாவிக்குக் கூடுதல் வசதி தரும்படி நாம் சேர்க்கும் சிறு நிரல். குரோமில் இன்காக்னிட்டோ சாளரத்தைத் திறந்து அதே பக்கங்களைப் பார்த்தால், நாம் தனியே அனுமதித்தவை தவிர மற்ற நீட்சிகள் அங்கு ஓடா. பயர்பாக்ஸை ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே திறந்தால் ட்ரபிள்ஷூட் மோடு வரும். நீட்சிகளோடு கிராபிக்ஸ் முடுக்கமும் அணைக்கப்பட்ட நிலை அது. இவ்வாறு திறக்கும்போது சிக்கல் மறைந்தால், நீட்சிகளை ஒவ்வொன்றாக அணைத்துக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம். இந்தச் சோதனையைச் செய்யாமல் உலாவியை நீக்கி மீண்டும் நிறுவுபவர்கள், தம் கணக்கில் உள்நுழைந்தவுடன் அதே நீட்சிகள் ஒத்திசைவின் வழியே திரும்பி வந்துவிடுவதைக் கவனிப்பதில்லை.

ஆன்டிவைரஸ் உள்ளிட்ட சில மென்பொருள்கள், உலாவியைக் கண்காணிப்பதற்காகத் தம் நிரல்துண்டை உலாவியின் செயல்முறைக்குள்ளேயே செருகுகின்றன. இவ்வாறு செருகும் மென்பொருள் உள்ள கணினிகளில் குரோம் விழும் வாய்ப்பு 15 சதவீதம் கூடுதல் என்று கூகுள் 2017-இல் தெரிவித்து, அடுத்த ஆண்டு முதல் அத்தகைய செருகல்களைப் படிப்படியாகத் தடுக்கத் தொடங்கியது. பாதுகாப்புக்கு என்று இரண்டு ஆன்டிவைரஸ்களை ஒருங்கே நிறுவி வைத்திருக்கும் பழைய கணினியில், ஒன்றை நீக்குவதே முதல் மருந்து.

கிராபிக்ஸ் முடுக்கம் என்பது, பக்கத்தைத் திரையில் வரையும் வேலையையும் வீடியோவை விரிக்கும் வேலையையும் கிராபிக்ஸ் சில்லிடம் ஒப்படைப்பது. பழைய கணினியில் அந்தச் சில்லுக்கான டிரைவர் பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படாமல் இருக்கும், உற்பத்தியாளரே கைவிட்டிருப்பார். யூடியூப் பார்க்கும்போதோ, வரைபடத்தை இழுக்கும்போதோ, திரை ஒரு கணம் கறுத்துப் பின் உலாவி மறைந்தால் இதைச் சந்தேகிக்கலாம். உலாவி அமைப்புகளில், குரோம் என்றால் சிஸ்டம் பகுதியிலும், பயர்பாக்ஸ் என்றால் ஜெனரல் பக்கத்தின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியிலும் இதை அணைக்கும் தேர்வு உண்டு. அணைத்தால் வரையும் வேலை பிராசசரின் தலையில் விழும், வீடியோ சற்றுத் திக்கும். விழாமல் திக்குவது மேல்.

இந்த ஊகங்களுக்குச் சான்று தேட விண்டோஸிலேயே ஓர் இடம் இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று ஆங்கிலத்தில் தேடினால் வரும் பக்கத்தில், நாள்வாரியாகச் செயலிழப்புகள் சிவப்புக் குறிகளோடு பட்டியலிடப்பட்டிருக்கும். ஒன்றைச் சொடுக்கினால் "ஃபால்ட் மாட்யூல் நேம்" என்ற வரி தெரியும். விழும் கணத்தில் ஓடிக்கொண்டிருந்த கோப்பின் பெயர் அது. அந்தப் பெயர் ஐ, ஜி என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கினால் அனேகமாக இன்டெல் கிராபிக்ஸ் டிரைவர். என், வி என்றால் என்விடியா. ஆன்டிவைரஸின் பெயரே அங்கு நிற்பதும் உண்டு. ஒவ்வொரு முறையும் ஒரே பெயர் வந்தால் திருடன் அகப்பட்டான்.

ஒவ்வொரு முறையும் வேறுவேறு பெயர் வந்தால் நிலைமை மோசம்.

வன்பொருளின் பங்கு

ரேம் சில்லில் ஓரிடம் பழுதாகி, எழுதிய 0 படிக்கும்போது 1 ஆக வந்தால், அந்த இடத்தில் யாருடைய தரவு இருக்கிறதோ அவர் விழுவார். உலாவிதான் அதிக ரேமைப் பயன்படுத்துகிறது என்பதால் பெரும்பாலும் விழுவதும் உலாவியே, பழியும் அதற்கே. காரணமின்றி இடம்விட்டு இடம் மாறும் செயலிழப்புகள், இடையிடையே நீலத்திரை, பதிவிறக்கிய ஜிப் கோப்புகள் சிதைந்து வருவது ஆகியவை சேர்ந்து நிகழ்ந்தால் ரேமைச் சோதிக்க வேண்டும். விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்ற சோதனை விண்டோஸிலேயே இருக்கிறது. பிழை காட்டினால், கணினியை மின்சாரத்திலிருந்து துண்டித்து, ரேம் பட்டையைக் கழற்றி, அதன் பொன்னிறத் தொடுமுனைகளை ரப்பரால் மெல்லத் துடைத்துப் பொருத்திப் பார்ப்பது நம் ஊர்ப் பழுதுபார்ப்பவர்களின் வழக்கம். ஈரக்காற்றில் தொடுமுனை மங்கியிருந்தால் அது பலன் தரும். சில்லே பழுதென்றால் பட்டையை மாற்றுவது தவிர வழியில்லை.

ஹார்ட் டிஸ்க் தேய்ந்திருந்தால் அறிகுறி வேறு. உலாவி தன் வரலாறு, புக்மார்க், கடவுச்சொல் முதலியவற்றைப் புரொஃபைல் எனும் கோப்புறையில் வைத்திருக்கிறது. அந்தக் கோப்புகள் டிஸ்கின் கெட்ட பகுதியில் மாட்டிக்கொண்டால், உலாவி திறந்த சில நொடிகளிலேயே விழும். புதிய புரொஃபைல் ஒன்றை உருவாக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். அதில் சரியாக ஓடினால் ஆறுதல் கொள்ளாமல், கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவசக் கருவியால் டிஸ்கின் நலத்தையும் பார்க்க வேண்டும். அது எச்சரிக்கை காட்டினால், உலாவியை மறந்துவிட்டு முதலில் குடும்பப் புகைப்படங்களை வேறிடத்தில் நகலெடுங்கள்.

ஆதரவு முடிந்த விண்டோஸ்

விண்டோஸ் 7, 8.1 ஆகியவற்றில் ஓடக்கூடிய கடைசிக் குரோம், 2023 ஜனவரியில் வந்த 109-ஆம் பதிப்பு. பயர்பாக்ஸில் 115-ஆம் பதிப்பின் நீண்டகால ஆதரவு வெளியீடே விண்டோஸ் 7-க்குக் கடைசி. நின்றுபோன உலாவியில் புதிய இணையதளங்களைத் திறக்கும்போது, உலாவி அறியாத வசதிகளைத் தளம் எதிர்பார்க்கும்; பக்கம் வெறுமையாக நிற்கும், பொத்தான் வேலை செய்யாது. இதையும் செயலிழப்பு என்று கருதுவோர் உண்டு. இதற்கு நினைவக வைத்தியம் எதுவும் உதவாது. பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதும் நின்றுவிட்டால், அத்தகைய உலாவியில் வங்கிக் கணக்கைத் திறப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது என்பதால், இந்தக் கேள்வி விரைவில் இன்னும் பல வீடுகளுக்கு வரும். விண்டோஸுக்குப் பதிலாக, மின்ட் போன்ற லினக்ஸ் இயங்குதள வெளியீட்டை நிறுவினால், அதே பழைய கணினியில் இன்றைய பயர்பாக்ஸ் ஓடும். ஆனால் லினக்ஸ் வந்தால் இணையப் பக்கங்கள் இளைத்துவிடா; 2 ஜி.பி. ரேம் அங்கும் 2 ஜி.பி. ரேம்தான்.

செலவு செய்வதற்கு முன்

மேற்கண்ட சோதனைகள் நினைவகப் போதாமையையே காட்டுகின்றன, கணினியின் மற்ற உறுப்புகள் நலமாக உள்ளன என்றால், ரேம் சேர்ப்பது நேரான தீர்வு. சுழலும் ஹார்ட் டிஸ்குக்குப் பதில், சுழலும் பாகமே இல்லாத வேகமான சேமிப்பகமான எஸ்.எஸ்.டி. போடலாமா என்று பலர் கேட்பார்கள். எஸ்.எஸ்.டி. கிடங்கைக் கடையின் பின்கட்டுக்கே கொண்டுவந்துவிடும். உறைதல் பெரிதும் குறையும். ஆனால் கமிட்டின் உச்சவரம்பை அது தன்னளவில் உயர்த்தாது. உறைதல் உங்கள் குறை என்றால் எஸ்.எஸ்.டி., விழுதல் குறை என்றால் ரேம். இரண்டும் என்றால், சி டிரைவைத் தாராளமாக வைத்து எஸ்.எஸ்.டி. போடுவதும் பேஜ் ஃபைல் வளர இடம் தரும்.

ரேம் வாங்கச் செல்லும்போது டி.டி.ஆர். 2 வகையா, 3 வகையா என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வெட்டுவாய் இருக்கும் இடமே வேறு, ஒன்றுக்குரிய குழியில் மற்றொன்று உட்காராது. மடிக்கணினிக்குரிய பட்டை மேசைக்கணினியுடையதைவிட நீளம் குறைந்தது. மதர்போர்டு எவ்வளவு வரை ஏற்கும் என்பதற்கும் வரம்பு உண்டு. விண்டோஸ் 32 பிட் என்றால், 8 ஜி.பி. போட்டாலும் சாதாரணப் பதிப்புகள் 4 ஜி.பி.க்கு உள்ளாகவே பயன்படுத்தும். அதிலும் ஒரு பகுதி வன்பொருள்களின் முகவரிகளுக்குப் போய்விடும். பழைய பட்டையைக் கழற்றிக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்வது நல்லது. அதன் மேல் ஒட்டியுள்ள சீட்டில் வகையும் வேகமும் அச்சிடப்பட்டிருக்கும்.